நாள் எண்ணும் இரு மரபுகள்: பூப்பும் சுழற்சியின் கால அளவும்

தொல்காப்பியக் கற்பியலைப் பாடம் சொல்லும்போது வகுப்பறையில் விரைந்து கடக்கப்படும் நூற்பாக்கள் சில உண்டு. பரத்தையிற் பிரிந்த தலைவன், தலைவியின் பூப்பினை அடுத்த பன்னிரண்டு நாளும் அவளை நீங்கி அகன்று உறைதல் அறநெறியாகாது என விதிக்கும் நூற்பா அவற்றுள் ஒன்று. இறையனார் களவியலும் இவ்விதியை ஏறக்குறைய அதே சொற்களால் கூறுகிறது. ஈண்டுப் பூப்பு என்றது மங்கைப் பருவத்து முதற்பூப்பினை அன்று. மணமான பெண்ணுக்குத் திங்கள்தோறும் நிகழும் பூப்பினையே ஆகும். மாணவர் முன் இதனை விரித்துரைக்க ஆசிரியர்க்குக் கூச்சம். மேடையிலோ நிலை வேறு. கருவுறும் நாள்கள் பற்றி இக்கால அறிவியல் கண்டறிந்ததைத் தொல்காப்பியர் அன்றே உணர்ந்து கூறினார் எனப் பெருமிதத்தோடு எடுத்துக்காட்டப்படுவதும் இந்நூற்பாவே. கூச்சமும் பெருமிதமும் ஒருசேர, அந்நூற்பா உண்மையில் எதனை எண்ணுகிறது, எதனை எண்ணவில்லை என்னும் வினாவை மறைத்துவிட்டன.

நாள் எண்ணுதல் என்பது ஒரே செயல்போல் தோன்றினும் இரு வகைப்படும். பூப்பு நிகழ்ந்த நாளை முதலாகக் கொண்டு இத்தனை நாள் வரை என முன்னோக்கி எண்ணுதல் ஒன்று. ஒரு பூப்பின் முதல்நாள் தொடங்கி அடுத்த பூப்பின் முதல்நாள் வரை எத்தனை நாள் எனச் சுழற்சியின் நீளத்தை எண்ணுதல் மற்றொன்று. முன்னதற்கு ஒரு பூப்பினை அறிந்தாற் போதும். பின்னதற்கு இரண்டு பூப்புகளை நினைவில் நிறுத்த வேண்டும். ஒருத்தியின் இயல்பை உறுதியாக அறியப் பல மாதக் கணக்கு வேண்டும். நம் இலக்கண நூல்களும் வடமொழி மருத்துவ, அற நூல்களும் முன்னதையே எண்ணின. பின்னதை எண்ணியவர் பெண்டிர். அவர்தம் கணக்கு நூலாக எழுதப்படவில்லை; பேச்சு வழக்கில் தங்கிற்று. இக்கட்டுரை அவ்விரு கணக்குகளின் வரலாற்றையும், இருபதாம் நூற்றாண்டில் அவை எதிர்ப்பட்ட நிகழ்வொன்றையும் ஆராய முற்படுகிறது.

நூலோர் கணக்கு

தொல்காப்பியர் கூறும் பன்னிரண்டு நாள் கருவுறுதலை நோக்கமாகக் கொண்டது என்பதில் உரைமரபில் ஐயமில்லை. முதல் மூன்று நாளில் தங்கும் கரு நிலைபெறாது அல்லது நன்மை தராது என்னும் நம்பிக்கையும் அவ்வுரைமரபில் இடம்பெறுகிறது. அதனால் அம்மூன்று நாளைப் பன்னிரண்டனுள் அடக்கி எண்ணுவதா, நீக்கி எண்ணுவதா என்னும் வினா எழுகிறது. அடக்கி எண்ணின் கூட்டத்திற்குரிய நாள்கள் 4 முதல் 12 வரை ஆகும்; நீக்கி எண்ணின் 4 முதல் 15 வரை ஆகும். இவ்வேறுபாடு சிறிதன்று என்பது பின்னர்ப் புலப்படும்.

வடமொழி நூல்களிலும் இதனையொத்த கணக்குகளே காணப்படுகின்றன. சுசுருத சங்கிதை ருது காலத்தைப் பன்னிரண்டு இரவு என வரையறுக்கிறது. பகல் முடிந்ததும் தாமரை குவிவதுபோல் ருது கழிந்ததும் கருவாய் மூடிக்கொள்ளும் என உவமை கூறுகிறது. மனுநூல் பதினாறு இரவு என்கிறது. அவற்றுள் முதல் நான்கையும், பதினொன்றாவதையும், பதின்மூன்றாவதையும் விலக்குகிறது. இரட்டைப்படை இரவுகள் மகனுக்கும் ஒற்றைப்படை இரவுகள் மகளுக்கும் உரியன எனப் பகுக்கிறது. பன்னிரண்டோ பதினாறோ, எண்ணுவது பூப்பிலிருந்து முன்னோக்கியே. எஞ்சிய நாள்கள் எத்தனை, எல்லாப் பெண்டிர்க்கும் அவை ஒரே தொகையினவா என்னும் வினா இவ்விதிகளில் எழவேயில்லை. மாதந்தோறும் குருதி திரண்டு வெளிப்படுகிறது என மருத்துவ நூல் கூறுகிறது. அந்த மாதம் ஒருத்திக்கு 26 நாளாகவும் மற்றொருத்திக்கு 34 நாளாகவும் இருக்கலாம் என்பது அதன் விதிக்குள் வரவில்லை.

நூலோர் முதல்நாளை அறிந்த முறையும் நோக்கத்தக்கது. நம்பியகப்பொருள் முதலிய நூல்கள் செவ்வணி என்னும் துறையைக் கூறுகின்றன. தலைவி தன் பூப்பினைப் பரத்தையர் சேரியிலுள்ள தலைவனுக்கு உணர்த்தத் தோழிக்கோ சேடிக்கோ செந்நிற அணி புனைந்து அனுப்புவாள். திருக்கோவையாரின் பரத்தையிற் பிரிவிலும் செவ்வணி பற்றிய கிளவிகள் உள. தலைவன் நாளை எண்ணவில்லை, அவனுக்கு அறிவிக்கப்படுகிறது. அறிவிக்கும் நிலையில் இருப்பவள் தலைவி. பன்னிரண்டு நாள் என்னும் விதி தொடங்குவதற்கே அவளுடைய அறிவு வேண்டப்படுகிறது. எனினும் அவ்வறிவைப் பற்றி நூல் ஒன்றும் உரையாது, அதன் பயனை மட்டும் ஆண்மகனின் கடமையாக மாற்றிக் கூறுகிறது.

முதற்பூப்பின் நிலை இதற்கு மாறானது. அது நிகழ்ந்த நாள், நட்சத்திரம், நாழிகை ஆகியன குறிக்கப்பட்டு ருது சாதகம் கணிக்கப்படும்; பஞ்சாங்கங்கள் ருதுவின் பலனை அட்டவணையிட்டன. ஒரு பெண்ணின் வாழ்வில் ஏறத்தாழ நானூறு முறை நிகழக்கூடிய ஒன்றில் முதலாவது மட்டும் நாழிகைத் துல்லியத்தோடு பிறரால் பதிவு பெற்றது. ஏனையவை அவளிடமே விடப்பட்டன.

பெருமிதத்தைச் சோதித்தல்

இனித் தொல்காப்பியர் அறிவியலை முன்னுணர்ந்தார் என்னும் கூற்றை எண்களைக் கொண்டே சோதிக்கலாம். சப்பானில் நீகாதா நகர மருத்துவர் கியூசாகு ஓகினோ 1924ஆம் ஆண்டிலும், ஆஸ்திரியாவின் எர்மன் கினாசு 1920களின் இறுதியிலும் தனித்தனியே ஓர் உண்மையை வெளியிட்டனர். கருமுட்டை வெளிப்படும் நாள் முந்தைய பூப்பைப் பற்றி நிற்பதன்று. அடுத்து வரவிருக்கும் பூப்புக்கு ஏறத்தாழ இரு வாரம் முன்னர் அமைவது என்பதே அது. ஓகினோ 12 முதல் 16 நாள் முன்னர் என்றார். கினாசு 14 நாள் முன்னர் என்றார். எண்ணும் திசையே இதனால் மாறிற்று. அதுவரை முன்னோக்கி எண்ணியதை இனிப் பின்னோக்கி எண்ண வேண்டியதாயிற்று. பின்னோக்கி எண்ணுவதற்கு அடுத்த பூப்பு எந்நாளில் வரும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். சுழற்சியின் நீளம் மருத்துவ ஆய்வில் முதன்மை பெற்றது இதனாற்றான்.

அமெரிக்காவில் வில்காக்சும் உடனாய்வாளரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, கருமுட்டை வெளிப்படும் நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாளையும் சேர்த்து ஆறு நாளே கருவுறத்தக்கவை எனக் காட்டிற்று. இதனைக் கொண்டு கணக்கிடுவோம். 28 நாள் சுழற்சியுடையவளுக்கு முட்டை ஏறத்தாழ 14ஆம் நாளில் வெளிப்படின், அந்த ஆறு நாள் 9 முதல் 14 வரை. தொல்காப்பியரின் பன்னிரண்டைப் பூப்பின் முதல்நாள் தொட்டு எண்ணினால் கடைசி இரு நாள் வெளியே நின்றுவிடும். மூன்று நாள் நீக்கி எண்ணினால் ஆறும் உள்ளடங்கும். 24 நாள் சுழற்சிக்கு 5 முதல் 10 வரை. எவ்வாறு எண்ணினும் உள்ளடங்கும். 35 நாள் சுழற்சிக்கோ 16 முதல் 21 வரை. எவ்வாறு எண்ணினும் ஒரு நாளும் உள்ளடங்காது. அவ்விதியை வழுவாது போற்றிய ஒரு தலைவன், நீள்சுழற்சியுடைய தலைவியைப் பொறுத்தவரை, கருவுறத்தக்க நாள் தொடங்கும் வேளையில் மீண்டும் பரத்தையர் சேரிக்குப் போய்விடக் கூடும். மலடி என்னும் பழி யார்மேல் விழுந்திருக்கும் என்பதை நூல் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டுவதில்லை.

இதனால் தொல்காப்பியரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. ஐரோப்பிய மருத்துவரும் 19ஆம் நூற்றாண்டில் விலங்குகளின் வேட்கைக் காலத்தோடு ஒப்பிட்டுப் பூப்பினை ஒட்டிய நாள்களே கருவுறத்தக்கவை எனக் கருதினர். கருத்தடை விழைந்தோர்க்குச் சுழற்சியின் நடுநாள்களைத் தீங்கற்றவை என அறிவுறுத்தினர். அவ்வறிவுரையை நம்பிய குடும்பங்களில் குழந்தைகள் பெருகியிருப்பின் வியப்பில்லை. அவர்களை நோக்க நம் நூலோரின் கணக்கு, குறுகிய, இடைப்பட்ட சுழற்சிகளுக்கேனும் ஓரளவு பொருந்துகிறது. அது நல்ல அனுபவ அறிவு. ஆனால் முன்னுணர்வு எனப் பெயரிட்டு அதனை ஓகினோவின் கண்டுபிடிப்போடு ஒன்றாக்குதல், இரண்டும் எண்ணிய பொருளே வேறு என்பதை அறியாதார் கூற்றாகும்.

பெண்டிர் கணக்கு

சுழற்சியின் நீளம் தமிழில் எங்கே எண்ணப்பட்டது? விடை சொல்வழக்கில் உள்ளது. மாதப்பூப்பினைக் குறிக்கும் சொற்களை மூன்று குழுவாகப் பகுக்கலாம். பூப்பு, ருது என்பன ஒரு குழு: பூத்தல் காய்த்தலை நோக்கியது, ருது என்பது பருவம். இவை முன்னோக்கிய சொற்கள். நூலோர் பெரிதும் ஆண்டவையும் இவையே. தீட்டு, தூரம், விலக்கு என்பன மற்றொரு குழு: தீண்டாது விலகி நிற்றலைக் குறிப்பவை. இவ்வொதுக்கம் பழமையானது. புறநானூற்று 299ஆம் பாடலில் பொன்முடியார், நெய் கலந்த உணவுண்டு வளர்ந்த பெருவேந்தரின் குதிரைகள் போர்க்களத்தில் பின்வாங்கி நின்றமைக்கு, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாது ஒதுங்கி நிற்கும் மகளிரை உவமை கூறுகிறார். பாடியவரும் பெண்பாற் புலவரே என்பது நோக்கத்தக்கது. மூன்றாம் குழு மாதவிடாய், மாதவிலக்கு என்பன. ஒதுக்கத்தின் சாயல் இரண்டாவதில் ஒட்டியிருப்பினும், மாதம் என்னும் அடையால் மீள்வருகையைச் சுட்டுபவை.

இப்பெயர்களினும் சிறந்த சான்று தருவன வினைத்தொடர்கள். ஒரு பெண் கருவுற்றமையை ஊர்வழக்கில் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பர். முழுகாமல் இருக்கிறாள், குளியாமல் இருக்கிறாள் என்றும் கூறுவர். நாள் தள்ளிப்போதல் என்னும் தொடர் பொருள்பட வேண்டுமாயின், வரவேண்டிய நாள் ஒன்று முன்னரே குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். எதிர்பார்த்த நாளில் வாராமையே செய்தி. எனவே இத்தொடரை வழங்கும் ஒவ்வொரு பெண்ணும் தன் சுழற்சியின் நீளத்தை அறிந்தவள் என்பது அத்தொடரின் இலக்கணத்திலேயே அடங்கியுள்ளது. முழுகாமல் இருத்தல் என்பதும் அத்தகையதே. முழுக்கு நிகழ்ந்திருக்க வேண்டிய நாள் கடந்தமையை மாமியாரும் நாத்தியும் அறிந்திருந்தாலன்றி அது குறிப்பாக உணர்த்தாது. வீட்டிற்குள் ஒதுங்கும் வழக்கம் இருந்தமையால் ஒருத்தியின் கணக்கு அவளுடையதாக மட்டும் நிற்கவில்லை. கூட்டுக் குடும்பம் முழுவதும் அதனை அறிந்தது. ஒதுக்கத்தின் கொடுமையைக் கூறும் ஆய்வுகள் பல உண்டு. ஒதுக்கமே ஒரு நாட்குறிப்பாகவும் செயற்பட்டது என்பதை அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும். கருவுற்ற செய்தியைத் தானே சொல்லும் உரிமைகூட மருமகளுக்கு இராது போனதற்கு இதுவே காரணம்.

எழுத்தறியாத பெண்டிர் இதனை எவ்வாறு நினைவிற் கொண்டனர்? அமாவாசை, பௌர்ணமி, கார்த்திகை, உள்ளூர்ச் சந்தை, திருவிழா முதலியவற்றைச் சார்த்தி நினைவு கொள்ளும் வழக்கம் கிராமங்களில் இன்றும் காணத்தக்கது. பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் எனச் சொல்லும் பெண், தமிழ்த் தேதி சொல்பவளினும் துல்லியமாகவே கூறுகிறாள். காரணம் எளிது. தமிழ் மாதங்கள் ஞாயிற்றின் இயக்கத்தைப் பற்றியவை. மார்கழி போன்ற மாதம் 29 நாளிலும் முடியும், ஆனி போன்றது 32 நாளும் நீளும். 30 நாள் சுழற்சி தவறாத ஒருத்திக்குத் தேதி ஒரு மாதம் முன்னும் ஒரு மாதம் பின்னும் நகரும். தனக்கு ஒழுங்கில்லை என அவள் மயங்கவும் இடமுண்டு. வளர்பிறை தேய்பிறைச் சுற்றோ ஏறத்தாழ 29.5 நாள் எனும் நிலையான அளவுடையது. மாதப்பூப்புக்கும் நிலவுக்கும் காரண காரியத் தொடர்பு உண்டெனக் கூற இது சான்றாகாது. அளவுகோல் ஒன்றாக நிலவு பயன்பட்டது என்றமட்டில் கொள்ளலாம். பின்னர் அச்சிட்ட நாட்காட்டி சுவரில் தொங்கியபோது, பால் கணக்கிற்கும் வண்ணான் கணக்கிற்கும் இடையே ஒரு பென்சிற் புள்ளியும் இடம்பெற்றது.

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்னும் வழக்கையும் ஈண்டுக் கருதலாம். இன்றைய மருத்துவர் பேற்று நாளைக் கணிப்பது கடைசிப் பூப்பின் முதல்நாளிலிருந்து 280 நாள் கூட்டியே. செருமானிய மருத்துவர் நேகலே பெயரால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வழங்கும் விதி இது. 280 என்பது பத்து இருபத்தெட்டுகள். தமிழ்ப் பெண்டிர் எண்ணிய பத்து, வாராது போன பூப்புகளின் எண்ணிக்கையா, நாட்காட்டியின் பத்தாம் மாதமா என உறுதி கூறுதல் அரிது. முன்னதாகவும் இருத்தல் கூடும் என்பது என் கருத்து. தள்ளிப்போன நாளைக்கொண்டு கருவை அறிந்தவர், அடுத்தடுத்துத் தள்ளிப்போனவற்றையும் எண்ணியிருத்தல் இயல்பே.

தெய்வத்தின் பூப்பிலும் இவ்விரு கணக்கும் தொழிற்படுகின்றன என்பது சுவையான செய்தி. அசாமின் காமாக்கியையில் தேவியின் பூப்பு, அம்புபாசி என்னும் பெயரால், ஆண்டுக்கொரு முறை சூன் திங்களின் பிற்பகுதியில் நாட்காட்டி விதித்த நாளில் நிகழ்கிறது. கேரளத்துச் செங்கன்னூரிலோ நாள் விதிக்கப்படவில்லை. தேவியின் ஆடையிற் கறை காணப்பட்டால், அதனைப் பெண்டிர் பார்த்து உறுதி செய்தபின் திருப்பூத்தாறாட்டு நடைபெறும். திருப்பூத்து என்னும் மலையாளச் சொல் திரு, பூத்தல் என்னும் சொற்களோடு உறவுடையது என்பது தமிழறிஞர்க்கு விளக்க வேண்டாதது. அங்கே தெய்வத்தின் நாளையும் அறுதியிட்டுக் கூறும் உரிமை பெண்டிரிடமே உள்ளது.

மணிமாலைச் சோதனை

பெண்டிரின் இக்கணக்கை அரசு முதன்முதலாகத் தேடிச் சென்றது விடுதலைக்குப் பின்னர். அதற்கு முன்னோட்டம் ஒன்றுண்டு. 1935 திசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவில் காந்தியடிகளைச் சந்தித்துக் கருத்தடை பற்றி உரையாடினார். கருத்தடைக் கருவிகளை முற்றாக மறுத்த அடிகள், கருவுறா நாள்களில் மட்டும் கூடும் முறை ஏனையவற்றைப்போல் தமக்கு வெறுப்பூட்டவில்லை எனக் கூறியதாக மகாதேவ தேசாய் 1936 சனவரியில் அரிசன் இதழில் எழுதினார். அம்முறையில் ஓரளவேனும் தன்னடக்கம் வேண்டப்படுதல் அதற்குக் காரணம். காந்தியடிகளின் அணுக்கத் தொண்டரான இராசகுமாரி அம்ரித் கௌர் விடுதலை இந்தியாவின் முதல் நலவாழ்வு அமைச்சரானபோது, அவர் இசைந்த ஒரே கருத்தடை முறை இதுவேயாயிற்று. அவர் வேண்டுகோளின்படி உலக நலவாழ்வு நிறுவனம் 1951இல் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் சுடோனை அனுப்பியது. தில்லியில் அரசு ஊழியர் வாழும் லோதி குடியிருப்பிலும், மைசூர் மாநிலத்து இராமநகரத்திலும் 1952 முதல் சோதனை நடைபெற்றது. ஓகினோ, கினாசு கணக்கை இந்தியக் குடும்பப் பெண்கள் பின்பற்ற இயலுமா என்பதே அதன் வினா.

கணக்கைக் கற்பிக்கச் சுடோன் கையாண்ட கருவி ஒரு மணிமாலை. இருபத்தெட்டு மணிகள், நாளுக்கு ஒன்றாக நகர்த்த வேண்டும். பூப்பு நாள், தீங்கற்ற நாள், தவிர்க்க வேண்டிய நாள் ஆகியன நிறத்தால் வேறுபடுத்தப்பட்டன. செபமாலையும் உருத்திராக்கமும் பழகிய நாட்டில் இது எளிதில் ஏற்கப்படும் என எண்ணினர் போலும். இடர்கள் பல விளைந்ததாகக் கூறுவர். விளக்கில்லாத இரவில் நிறம் புலப்படவில்லை. அதனால் மணிகளின் வடிவத்தை மாற்ற வேண்டியதாயிற்று. குழந்தைகள் மணிகளை முன்னும் பின்னும் நகர்த்தினர். மாலையை அணிந்தாலே கரு உண்டாகாது எனச் சிலர் கொண்டனர் என்றும் ஒரு கதை வழங்குகிறது. இந்தக் கடைசிக் கதையை மேலை எழுத்தாளர் பலர் நகையோடு எடுத்துரைப்பர். இந்தியப் பெண்ணின் அறியாமைக்கு எடுத்துக்காட்டாக அது வழங்கிவருகிறது.

அறியாமை எங்கே இருந்தது என்பது ஆராயத்தக்கது. இருபத்தெட்டு மணி கோத்த மாலை, 31 நாள் சுழற்சியுடைய ஒருத்திக்கு மூன்று நாள் முன்னரே தீர்ந்துவிடும். 25 நாள் சுழற்சியுடையவளுக்கு மூன்று மணி எஞ்சும். தன் நாள் எப்போது வரும் என்பதை நாள் தள்ளிப்போதல் என்னும் சொல்லளவில் அறிந்திருந்த பெண்ணின் கையில், அவளுடைய நாளோடு பொருந்தாத மாலையைக் கொடுத்து, எண்ணக் கற்றுக்கொள் என்றனர். சோதனை நடத்தியோர் பெண்டிரின் சுழற்சியைப் பல மாதம் முன்னதாகவே குறித்துக்கொள்ள முயன்றனர் என்பதும் உண்மை. ஒழுங்கற்ற சுழற்சியுடையோர்க்கு இம்முறை பயன்படாது என்பதையும் அறிந்திருந்தனர். எனினும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. 1950களின் நடுவில் அரசின் குடும்ப நலத் திட்டம் வேறு முறைகளை நாடிச் சென்றது. நாளடைவில் அறுவை முறையே மேலோங்கியது. பெண்ணின் கணக்கு யாருக்கும் வேண்டாததாயிற்று.

தோல்விக்கு மணிமாலையை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. எந்நாள் கூடலாகாது என்பதைப் பெண் எண்ணி அறிந்தாலும், அந்நாளில் மறுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததா என்னும் வினாவை அச்சோதனை தன் கணக்கிற் சேர்க்கவில்லை. தொல்காப்பியத் தலைவியும் செவ்வணி அனுப்பினாள். வருவதும் வாராமையும் தலைவன் விருப்பம்.

அரை நூற்றாண்டு கழித்து மாலை மீண்டும் வந்தது. அமெரிக்காவின் சியார்ச்சுடவுன் பல்கலைக்கழக இனப்பெருக்க நலவாழ்வு நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட மணிமாலை இந்தியாவில் சார்க்கண்டு முதலிய மாநிலங்களில் மாலாசக்கரம் என்னும் பெயரால் வழங்கப்பட்டது. இதில் 32 மணிகள். முதல்நாளுக்கு ஒரு சிவப்பு மணி, 8 முதல் 19 வரையான நாள்களுக்கு வெண்மணி, ஏனையவை பழுப்பு. வெண்மணிகள் இருளில் ஒளிரும். கருவுறத்தக்கவை எனக் குறித்த நாள்கள் எண்ணிப் பார்ப்பின் பன்னிரண்டு! தொல்காப்பியரின் எண்ணோடு இவ்வொற்றுமை தற்செயலானதே. தொடங்கும் நாள் வேறு. உண்மையான சிறப்பு வேறோரிடத்தில் உள்ளது. இருபத்தேழாம் மணி கருநிறம் கொண்டது. அதனை அடையுமுன் பூப்பு வந்துவிட்டால் அச்சுழற்சி 26 நாளினும் குறுகியது. கடைசி மணி கடந்தும் வாராவிடின் 32 நாளினும் நீண்டது. ஓராண்டில் இருமுறை அவ்வாறு நேர்ந்தால் இம்மாலை உனக்கு உரியதன்று எனக் கருவியே சொல்லிவிடும். 1952இன் மாலை பெண்ணுக்கு நாளை விதித்தது. இம்மாலை அவள் நாளைக் கேட்கிறது. பொலிவியா, பெரு, பிலிப்பைன்சு நாடுகளில் நடத்தப்பெற்று 2002இல் வெளிவந்த ஆய்வில், இம்முறையைப் பிறழாது கையாண்ட நூறு பெண்டிருள் ஓராண்டில் கருவுற்றவர் ஐவருக்கும் குறைவு. நடைமுறையில் ஏற்படும் பிறழ்வையும் சேர்த்தால் பன்னிருவர்.

இருபத்தெட்டு என்னும் எண்

இருபத்தெட்டு நாளே இயல்பு என்னும் எண்ணம் பாடநூல்களில் இன்றும் வேரூன்றியுள்ளது. 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, கைப்பேசிச் செயலியில் பெண்டிர் பதிவு செய்த ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்து, சராசரி நீளம் 29.3 நாள் எனக் கண்டது. சரியாக 28 நாளில் அமைந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 13 மட்டுமே. பன்னாட்டு மகப்பேற்று மருத்துவர் கூட்டமைப்பு 2018இல் 24 முதல் 38 நாள் வரை இயல்பு என வரையறுத்தது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. கருவின் வயதைக் கடைசிப் பூப்பின் முதல்நாளிலிருந்து எண்ணுதல் மருத்துவ வழக்கு. அவ்வழக்கு 28 நாள் சுழற்சியைக் கொண்டே அமைந்தது. 35 நாள் சுழற்சியுடைய பெண்ணின் கரு, ஏட்டில் உள்ளதைவிட ஒரு வாரம் இளையது. கருக்கலைப்புச் சட்டம் 1971இல் வகுத்து 2021இல் திருத்திய வரம்புகள் வாரக் கணக்கில் உள்ளன. திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், குறித்த சில வகையினர்க்கு 24 வாரம் வரை இரு மருத்துவரின் கருத்தும் வேண்டும். ஒலியலைப் படம் எடுத்துத் திருத்திக்கொள்ள வாய்ப்புள்ள நகரத்தில் இது சிக்கலாகாது. அவ்வாய்ப்பு இல்லாத சிற்றூரில், கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்னும் செவிலியின் வினாவுக்குப் பெண் தரும் விடையே சான்று. அவ்வினாவோடு, வழக்கமாக எத்தனை நாளுக்கு ஒருமுறை என்னும் மற்றொரு வினாவும் கேட்கப்பட வேண்டும்.

சபரிமலை வழக்கில் 1991இல் கேரள உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் இவ்வகையில் நோக்கலாம். 10 முதல் 50 வயது வரையான பெண்டிர் 41 நாள் நோன்பை இடையறாது காக்க இயலாது என்னும் வாதம் அதில் இடம்பெற்றது. 2018இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியதும், 2019இல் மறுஆய்வில் எழுந்த வினாக்கள் பேராயத்திற்கு அனுப்பப்பட்டதும் யாவரும் அறிந்தவை. சரி தவறு கூறுதல் இக்கட்டுரைக்குப் புறம்பானது. நாற்பத்தொரு நாள் என்னும் அளவில், எந்தப் பெண்ணின் சுழற்சியும் அதனினும் நீளாது என்னும் கருத்து சொல்லப்படாமலே அடங்கியுள்ளது என்பதே ஈண்டு வேண்டப்படுவது. சுழற்சியின் நீளம் நீதிமன்ற வாதத்தின் அடித்தளமாயிற்று. அதனை யாரும் அளந்து காட்ட நேரவில்லை.

இன்று கணக்கு கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது. மாமியாரின் பார்வையிலிருந்து அது மறைந்தது. எனினும் தனிமை பெற்றுவிட்டதா என்பது ஐயமே. இத்தகைய செயலியொன்று பெண்டிரின் விவரங்களைப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டது என்னும் குற்றச்சாட்டை அமெரிக்க வணிக ஆணையம் எழுப்பி, 2021இல் உடன்பாடு கண்டது. முழுகாமல் இருப்பதை முதலில் அறிபவர் நாத்தியாக இருந்த காலம் போய், விளம்பரம் விற்போராக இருக்கும் காலம் வந்துள்ளது.

மாவட்டந்தோறும் இச்சொல்வழக்குகள் வேறுபடுகின்றன. குளித்து நாளாயிற்று, நாள் நின்றது என்பன போன்றவை எவ்வெவ் வட்டாரத்தில், எவ்வெச் சமூகத்தில், எத்தனை நாள் தாமதத்திற்குப் பின் வழங்கப்படுகின்றன என்பது தொகுக்கப்பட வேண்டும். வட்டார வழக்ககராதிகள் இவற்றைக் கருவுறுதல் என்று ஒற்றைச் சொல்லாற் பொருள் எழுதிக் கடந்துவிடும்; எத்தனை நாள் கடந்தால் தள்ளிப்போனது என்பர், எத்தனை மாதம் கடந்தால் முழுகவில்லை என்பர் என்னும் வேறுபாடு அவற்றில் இடம்பெறாது. அதனைச் சொல்லக்கூடியவர், நாட்காட்டியைக் கையாளாது நிலவைக் கொண்டு எண்ணிய மூதாட்டியர். அவருள் பெரும்பாலோர் இன்று எண்பது வயதைக் கடந்தவர்.